இசைத்தட்டில் ஏறிய நாடகக் குரல்: கே.பி. சுந்தராம்பாளும் சென்னையின் தென்புறநகரும்

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தமிழ்நாட்டின் பொதுமக்கள் இசையை உருவாக்கிய ஆற்றல்களுள் கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாளின் இசைத்தட்டுகள் முதன்மையானவை. சபாக்களிலும் சமஸ்தானங்களிலும் வளர்ந்த இசைக்கும் திருவிழாப் பந்தலில் விடிய விடிய நடந்த நாடகத்தின் இசைக்கும் இடையே அந்நாளில் இருந்த தொலைவை அவருடைய குரலைப் போலக் குறைத்த குரல் வேறொன்று இல்லை. அக்குரல் பதிவான முறையையும் பரவிய வழிகளையும் ஆராய்வதற்குச் சென்னையின் தென்புறநகர் நல்லதொரு களமாகும். பல்லாவரம், பம்மல், குன்றத்தூர், தாம்பரம், தரமணி என்று இன்று ஒரே நகரமாக நெருங்கிவிட்ட இவ்வூர்களில், சுந்தராம்பாள் பாடிய கதைகளின் மூலமும், அவர் வளர்ந்த நாடக மேடைக்கு எதிராக எழுந்த மேடையின் தலைவர் தம் பெயரில் தாங்கிய ஊரும், அவர் காலத்துப் பாட்டுப் புத்தகங்களின் காப்பகமும் அமைந்துள்ளன.

சுந்தராம்பாளை நாட்டுப்புறப் பாடகி என்று சொல்வது முழுமையாகப் பொருந்தாது. நடவிலும் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் ஆசிரியர் பெயரின்றி வழங்கும் பாட்டுகளே நாட்டுப்புறப் பாடல்கள் எனப்படும். சுந்தராம்பாள் பாடியவையோ பெரும்பாலும் நாடக ஆசிரியர்கள் இயற்றியவை. ஆயினும் காவடிச் சிந்து, கும்மி, விருத்தம் போன்ற மக்கள் வடிவங்களின் மேல் கட்டப்பட்டு, எழுத்தறியாதவரும் ஒருமுறை கேட்டுத் திரும்பப் பாடும் தன்மை பெற்றிருந்ததால், அவை நாட்டுமக்களின் உடைமையாகவே வாழ்ந்தன. அமெரிக்காவின் தென்மாநில மலைநாட்டு மக்களிடையே பிறந்து, இசைத்தட்டு நிறுவனங்களால் நாடெங்கும் பரவிய ‘கன்ட்ரி’ இசையின் வரலாறு இதனோடு ஒப்பிடத்தக்கது. விக்டர் நிறுவனத்துக்காக ரால்ஃப் பியர் என்பவர் 1927இல் டென்னசி மாநிலத்தின் பிரிஸ்டல் நகரில் பதிவுக் கருவிகளை நிறுவிக் கார்ட்டர் குடும்பத்தாரின் பாட்டுகளைப் பதிவு செய்தபோது, சாரா கார்ட்டர் என்ற மலைநாட்டுப் பெண்ணின் குரல் அந்நாட்டின் பொதுச்சொத்தாயிற்று. ஏறத்தாழ அதே ஆண்டுகளில், அதே தொழில்நுட்பத்தின் துணையோடு, காவிரிக்கரைச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த பெண்ணின் குரல் தமிழ்நாட்டில் அந்த இடத்தை அடைந்தது.

இந்தியாவில் இசைத்தட்டின் வரலாறு 1902இல் தொடங்குகிறது. அவ்வாண்டில் கிராமபோன் நிறுவனத்தின் பதிவாளர் பிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து கவுஹர் ஜான் உள்ளிட்டோரின் குரல்களைப் பதிவு செய்தார். தமிழ்நாட்டிலும் கோயமுத்தூர் தாயி, சேலம் கோதாவரி முதலிய பெண் கலைஞர்களே தொடக்கத் தட்டுகளில் புகழ் பெற்றவர்கள். ஆண் வித்துவான்களுள் பலர் கருவியின் முன் பாடத் தயங்கிய காலத்தில், தேவதாசி மரபிலும் மேடை மரபிலும் வந்த பெண்கள் அப்புதுமையைத் துணிந்து ஏற்றனர் என்பதை இசை வரலாறு எழுதுவோர் அழுத்திச் சொல்ல வேண்டும். அந்நாளைய பதிவு முறையில் மின்சாரத்துக்கு இடமில்லை. பாடுவோர் பெரிய கூம்பு ஒன்றின் வாயருகே முகத்தை வைத்து உரக்கப் பாட, அந்த ஒலியின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகுத் தட்டில் வரியைக் கீறும். 1925இல் ஒலிவாங்கி கொண்டு பதிவு செய்யும் மின்முறை நடைமுறைக்கு வந்ததும், குரலின் நுண்ணிய ஏற்ற இறக்கங்களும் மூச்சின் அளவும் தட்டில் பதியலாயின. சுந்தராம்பாளின் தட்டுகள் இந்த மாற்றத்தை ஒட்டிய காலத்தில், 1920களின் பிற்பகுதியிலிருந்து வெளிவரத் தொடங்கியவை.

அவர் பயின்ற மேடையின் இயல்பை அறியாமல் அத்தட்டுகளின் சிறப்பை அறிய இயலாது. அக்காலத் தமிழ் நாடகம் இரு கிளைகளாகப் பிரிந்திருந்தது. ஒரு கிளைக்குத் தலைமையேற்றவர், பல்லாவரத்தை அடுத்த பம்மலைத் தம் பெயரோடு தாங்கிய சம்பந்த முதலியார் (1873–1964). அவர் 1891இல் நிறுவிய சுகுண விலாச சபை, வழக்கறிஞர்களும் அரசு அலுவலர்களுமாகிய படித்தவர்கள் பொழுதுபோக்காக நடித்த சபை. உரைநடை உரையாடலையும் கால ஒழுங்கையும் மேடைக்குக் கொண்டுவந்த அச்சபையில் பெண் வேடங்களையும் ஆண்களே ஏற்றனர். மற்றொரு கிளை சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்த இசை நாடகம். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் போன்ற கதைகளில் எல்லா நடிகருக்கும் பாடம் மனப்பாடமாக இருந்ததால், வெவ்வேறு ஊர்களிலிருந்து நடிகர்களைத் தனித்தனியே வரவழைத்து, ஒத்திகையின்றி ஓரிரவு நாடகம் நடத்தும் ‘ஸ்பெஷல் நாடகம்’ என்ற வழக்கம் இக்கிளையிலிருந்தே தோன்றியது. ஆர்மோனியக்காரர் சுருதியை உயர்த்திப் பிடிக்க, ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் சொல் சிதையாமல் கேட்கும்படி பாடுவதே அம்மேடையில் நடிகையின் முதல் தகுதியாகக் கருதப்பட்டது. முதற்கிளை படித்தோரின் மதிப்பைப் பெற்றது. இரண்டாங்கிளை மக்களின் செவியைப் பெற்றது. இசைத்தட்டு நிறுவனங்கள் நாடிச் சென்றது இந்த இரண்டாங்கிளையையே.

சுந்தராம்பாள் 1908இல் இன்றைய ஈரோடு மாவட்டத்துக் கொடுமுடியில் வறிய குடும்பமொன்றில் பிறந்தார். சிறுமியாக ரயிலில் பாடியபோது அவர் குரலைக் கேட்டவர்கள் நாடகத்துக்கு அழைத்துச் சென்றனர் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் கூறும். வேலு நாயர் நாடகக் குழுவில் சிறுவர் வேடங்களில் தொடங்கிய அவர் கதாநாயகியாக உயர்ந்து, 1920களில் இலங்கைக்குச் சென்று ஆடிய நாடகங்களில் பெரும்பெயர் ஈட்டினார். அங்கேதான் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவோடு இணைந்து நடிக்கும் வாய்ப்பு அமைந்தது. உச்ச சுருதியில் பாடுவதில் நிகரற்றவர் எனப்பட்ட கிட்டப்பாவுக்கு ஈடுகொடுத்துப் பாட அஞ்சிப் பல நடிகையர் தயங்கிய நிலையில், சுந்தராம்பாள் வள்ளியாகவும் கிட்டப்பா வேலனாகவும் நேருக்கு நேர் நின்று பாடிய இரவுகளைப் பார்ப்பதற்கு மக்கள் திரண்டனர். 1927இல் இருவரும் மணவாழ்வில் இணைந்தனர். இருவர் பாட்டுகளும் தட்டுகளாக வெளிவந்து வீடுகளையும் கடைகளையும் எட்டின.

மேடைப் பாட்டு தட்டில் ஏறியபோது அதன் வடிவமே மாற வேண்டியிருந்தது. அரக்கு, கல்மாவு, கரித்தூள் ஆகியவற்றைக் குழைத்து அழுத்திய கறுப்புத் தட்டு, நிமிடத்துக்கு 78 சுற்று வேகத்தில் சுழலும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 3 நிமிடப் பாட்டுக்கே இடமுண்டு. ‘ஒன்ஸ்மோர்’ என்று கொட்டகை எழுப்பிய கூச்சலுக்கு இணங்கி ஒரே பாட்டை நெடுநேரம் விரித்துப் பாடிப் பழகிய கலைஞர், அதனை 3 நிமிடத்துக்குள் முழுமையாக்க வேண்டியதாயிற்று. தாளத்துக்குக் கட்டுப்படாமல் இராகத்தில் செய்யுளை விரித்துப் பாடும் விருத்தம் முதலில் வரும்; அதனைத் தொடர்ந்து தாளத்தோடு பாட்டு எழும். இந்த மேடை முறையைத் தட்டிலும் விடாமல் காக்கச் சுந்தராம்பாள் கையாண்ட சிக்கனம் கூர்ந்து கேட்கத்தக்கது. ஆலாபனையை நீட்டாமல், சொல்லையே ஏணியாகக் கொண்டு இரண்டு மூன்று மூச்சுகளில் மேல்ஸ்தாயிக்கு ஏறி, அங்கே ஓர் உயிரெழுத்தைத் தளராமல் நிறுத்தி, பிறகு மெய்யெழுத்துகள் ஒன்றும் மழுங்காமல் வரியை முடிப்பது அவர் முறை. ழகரமும் றகரமும் அவர் நாவில் தெளிவாக ஒலிக்கும். கமகங்கள், அதாவது சுரத்தை அசைத்துப் பாடும் அணிகள், சொல்லின் பொருளை மறைக்கும் அளவுக்குப் பெருகுவதில்லை. தேய்ந்த தட்டின் இரைச்சலுக்கு நடுவிலும் பாட்டின் சொற்கள் இன்றுவரை புரிவதற்கு இந்தப் பயிற்சியே காரணம்.

தட்டு வணிகம் 1920களின் இறுதியிலும் 1930களிலும் தமிழ்நாட்டில் பெருகியது. கொலம்பியா, எச்.எம்.வி., ஜெர்மனியின் ஓடியன் ஆகிய முத்திரைகள் நாடக நடிகர்களைப் போட்டியிட்டு ஒப்பந்தம் செய்தன. காரைக்குடி ஏ.வி. மெய்யப்பன் கூட்டாளிகளோடு சென்னையில் நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஓடியன் தட்டுகளை விற்றுப் பெயர்பெற்றது; பின்னாளைய ஏ.வி.எம். திரைப்பட நிறுவனத்துக்கு அந்த வணிகமே அடித்தளமாயிற்று. சுந்தராம்பாளின் தட்டுகளைக் கொலம்பியா வெளியிட்டது. தட்டுகளின் பாட்டுகளைத் திரட்டி மலிவுத் தாளில் அச்சிட்ட பாட்டுப் புத்தகங்கள், கருவி வாங்க வசதியற்றவர்களிடமும் அப்பாட்டுகளைக் கொண்டு சேர்த்தன. இந்த வழியிலேயே அரசியலும் பரவியது. மதுரகவி பாஸ்கரதாஸ் போன்ற நாடகக் கவிஞர்கள் கதரையும் காந்தியையும் போற்றி எழுதிய பாட்டுகளை மேடை நடிகர்கள் கதையின் நடுவிலேயே பாடினர். கள்ளுக்கடை மறியலும் உப்புச் சத்தியாக்கிரகமும் நடந்த ஆண்டுகளில் அவை காவல்துறையின் தடைக்கும் உள்ளாயின. காந்தியின் எளிய வாழ்வைப் போற்றிச் சுந்தராம்பாள் பாடிய தட்டு பெரிதும் விற்பனையானது. தீரர் சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் காங்கிரஸ் மேடைகளிலும் அவர் பாடினார். செய்தித்தாள் எட்டாத ஊர்களுக்கும் விடுதலை இயக்கத்தின் செய்தியைக் கொண்டு சென்ற பெண்குரல்களுள் அவருடையது முன்நிற்பது.

கிட்டப்பா 1933இல், 27 வயதில் மறைந்தார். சுந்தராம்பாள் அன்றுமுதல் வெள்ளுடை உடுத்து, ஆண் நடிகர் எவருக்கும் இணையாக நடிப்பதில்லை என்று உறுதிகொண்டு மேடையிலிருந்து விலகினார். அந்த உறுதியை மீறாமலேயே அவர் திரையில் தோன்ற வழி செய்த படம் 1935இல் வெளியான ‘நந்தனார்’. அதில் நந்தனாராக, அதாவது ஆண் வேடத்தில், அவரே நடித்தார்; அதற்கு 1 லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார் என்பது அக்காலத்தில் நாடே வியந்த செய்தி. இவ்விடத்தில் வரலாறு மீண்டும் தென்புறநகருக்குத் திரும்புகிறது. திருநாளைப்போவார் என்ற நந்தனாரின் வரலாற்றைப் பெரியபுராணத்தில் பாடிய சேக்கிழார் பல்லாவரத்துக்கு மேற்கே உள்ள குன்றத்தூரில் பிறந்தவர். 12ஆம் நூற்றாண்டில் சோழ அரசில் அமைச்சராக விளங்கியவர். அவர் சுருக்கமாகச் சொன்ன வரலாற்றில், நந்தனாரை அடக்கியாளும் வேதியர் என்ற நிலவுடைமையாளரைச் சேர்த்து, 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இசைக்கதையாக விரித்தார். அந்த வடிவமே சுந்தராம்பாளின் குரலில் திரையேறியது. வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விசுவநாதய்யர். சங்கீத வித்துவான் ஒருவர் நிலவுடைமையாளராகவும் நாடக மேடைப் பெண் ஒருவர் பண்ணையாளாகவும் நின்று பாடிய அந்தக் காட்சி, அன்றைய இசையுலகின் ஏற்றத்தாழ்வையும் உடன்காட்டியது. குன்றத்தூர்க் கவிஞரின் மற்றொரு நாயகியான காரைக்கால் அம்மையாராகவும் சுந்தராம்பாள் 1973இல் திரையில் தோன்றினார்.

சுந்தராம்பாளின் தட்டுகள் பரவிய அதே ஆண்டுகளில்தான் தென்புறநகரும் உருப்பெற்றது. 1931இல் சென்னைக் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவின் முதல் மின்மயப் பாதையாகிய இது, ஏரிகளும் வயல்களும் குன்றுகளுமாக இருந்த ஊர்களை நகரத்தோடு இணைத்தது. பல்லாவரத்தை ஒட்டி அமைந்த குரோம் லெதர் தொழிற்சாலை தன் பெயரையே குரோம்பேட்டைக்குக் கொடுத்தது. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரத்தைவிட்டுத் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. அலுவலகம் செல்வோர், தோல்பதனிடும் தொழிலாளர், ரயில்வே ஊழியர், பழைய வேளாண் குடிகள் என்று பலதரப்பட்ட மக்கள் அருகருகே வாழத் தொடங்கிய இத்தகைய ஊர்களில் எல்லாரும் சேர்ந்து கேட்கக்கூடிய இசையாக நாடகப் பாட்டே இருந்தது. சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோன் பெட்டி வசதி படைத்தோர் வீட்டில் இருக்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் புதிய இரும்பு ஊசி மாற்ற வேண்டிய அதன் முன் அக்கம்பக்கத்தார் கூடிக் கேட்பர். 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியபின் வானொலிப் பெட்டியும் அதனோடு சேர்ந்தது. கூம்பு ஒலிபெருக்கிகளை மரத்தில் கட்டித் திருமணத்துக்கும் காதுகுத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் தட்டு வைக்கும் ‘சவுண்ட் சர்வீஸ்’ என்ற தொழில் தமிழ்நாடெங்கும் பரவியபோது, எவர் வீட்டிலும் பெட்டி இல்லாத தெருவும் அப்பாட்டுகளைக் கேட்டது. கீற்றுக் கொட்டகையில் நடந்த டூரிங் டாக்கீஸ் படம் தொடங்குமுன் பக்திப் பாட்டு வைத்து ஊரை அழைக்கும் வழக்கமும் இவ்வகையைச் சேர்ந்தது.

இப்பரவலின் சமூகப் பொருள் ஆழமானது. நாடகக்காரி என்று சொல்லி மேடைப் பெண்களை வாசலுக்கு வெளியே நிறுத்திய குடும்பங்கள், அவர்களுடைய குரலைத் தட்டின் வழியாகக் கூடத்துக்கும் பூசையறைக்கும் அழைத்துக்கொண்டன. அந்தக் குடும்பங்களில் நாடகக் கொட்டகைக்குப் போக இசைவு பெறாத பெண்கள், வீட்டிலிருந்தபடியே அப்பாட்டுகளைக் கற்றனர். சுந்தராம்பாளின் துறவுக்கோலமும் முருக பக்தியும் இந்த ஏற்புக்குத் துணை செய்தன என்பது உண்மையே. ஆனால் அவர் போற்றப்பட்டதற்குத் துறவை மட்டும் காரணமாகக் காட்டுவது அவருடைய கலைக்கு இழைக்கும் அநீதியாகும். வறுமையிலிருந்து தம் உழைப்பால் உயர்ந்து, தம் ஊதியத்தையும் நடிக்கும் வேடத்தையும் தாமே முடிவு செய்த கலைஞர் அவர். 1950களின் தொடக்கத்தில் சென்னை மாகாணச் சட்ட மேலவையில் உறுப்பினராகி, இந்தியத் திரைக்கலைஞர்களுள் சட்டமன்ற அவையில் அமர்ந்தவர்களின் முன்னோடியாகவும் ஆனார்.

தமிழிசை இயக்கமும் அவர் புகழுக்குப் புதிய பொருளைத் தந்தது. 1911இல் பல்லாவரத்தில் குடியேறி 1950இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்த மறைமலையடிகள், தமிழைப் பிறமொழிக் கலப்பின்றி எழுதவும் பேசவும் இயலும் என்று அவ்வூரிலிருந்து இயக்கம் நடத்தினார். அந்த மொழியுணர்வின் நீட்சியாக, சபைகளில் தமிழ்ப் பாட்டுக்கு முதன்மை வேண்டும் என்று அண்ணாமலை செட்டியார் முதலியோர் முயன்றதன் விளைவாக 1943இல் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. அறிஞர்கள் மேடையில் வாதிட்டுக் கோரிய தமிழிசை, நாடகக் கொட்டகையிலும் தட்டிலும் பல்லாண்டுகளாக வழங்கி வந்தது என்பதற்குச் சுந்தராம்பாளின் பதிவுகளே சான்று. ஜெமினி நிறுவனம் 1953இல் வெளியிட்ட ‘ஔவையார்’ படத்தில் அவர் ஏற்ற வேடம் அந்தச் சான்றை நாடறியச் செய்தது. ‘பூம்புகார்’ (1964) படத்தில் கவுந்தியடிகளாகவும் ‘திருவிளையாடல்’ (1965) படத்தில் மீண்டும் ஔவையாராகவும் அவர் பாடியபோது வயது 60ஐ நெருங்கியிருந்தது. அந்த வயதிலும் கொட்டகைக் காலத்து உச்சக்குரல் தளரவில்லை. ‘துணைவன்’ படப் பாட்டுக்காக 1969ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதும், 1970இல் பத்மஸ்ரீ விருதும் அவருக்குக் கிடைத்தன. 1980இல் அவர் மறைந்தார்.

அவருக்குப் பின் வந்தோரின் வரலாறு வேறு வகையானது. கொல்லங்குடி கருப்பாயி போன்ற உண்மையான நாட்டுப்புறப் பாடகியர் வானொலி வழியே அறிமுகமாகி, ‘ஆண் பாவம்’ (1985) போன்ற படங்களால் திரைக்கு வந்தனர். பரவை முனியம்மா 2003இல் ‘தூள்’ படத்தின் மூலம் புதிய தலைமுறையைச் சென்றடைந்தார். வயலிலிருந்தும் மேடையிலிருந்தும் எழும் பெண்குரலைத் தமிழ்த் திரை ஏற்கும் மரபுக்கு அடிக்கல் நாட்டியவை சுந்தராம்பாள் தலைமுறையின் தட்டுகளே.

இவ்வளவு பெரிய மரபின் சான்றுகள் எளிதில் அழியக்கூடியவை என்பதே இன்றைய கவலை. அரக்குத் தட்டு கை தவறினால் உடையும். தேய்ந்த ஊசி பட்டால் வரி அழியும். மலிவுத் தாளில் அச்சான பாட்டுப் புத்தகம் தொட்ட இடத்தில் பொடியும். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் பாட்டுப் புத்தகங்களையும் நாடக விளம்பரத் துண்டறிக்கைகளையும் வாழ்நாள் முழுதும் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்தபின் அந்தச் சேகரத்தைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கித் தமிழ்நாட்டிலேயே இருத்தியதால் 1994இல் உருவான ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், இன்று தென்புறநகரின் தரமணியில் இயங்குகிறது. சுமார் 1 லட்சம் நூல்களோடு தொடங்கிய அச்சேகரம், தனியொருவரின் அக்கறை ஒரு மக்களின் நினைவைக் காக்க முடியும் என்பதை மெய்ப்பிக்கிறது.

சுந்தராம்பாளின் தட்டுகளும் அவர் காலத்துப் பிற நடிகையரின் தட்டுகளும் பரண்களிலும் பழைய மரப்பெட்டிகளிலும் இன்னும் கிடக்கின்றன. வீடு மாற்றும்போதும் பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி எழுப்பும்போதும் அவை பழைய பொருள் கடைக்குப் போகின்றன. தாம்பரம் முதல் கிண்டிவரை நாள்தோறும் பழைய வீடுகள் இடிபடும் இக்காலத்தில் அந்த இழப்பு விரைவுபடும். உறை பிரியாத தட்டோ, அட்டை கிழிந்த பாட்டுப் புத்தகமோ எதுவாயினும், அதனைத் துடைக்கவும் ஒட்டவும் முயலாமல், தட்டைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி அடுக்கி, அருகிலுள்ள ஆய்வு நூலகத்துக்குத் தெரிவிப்பது ஒவ்வொரு குடும்பமும் செய்யக்கூடிய எளிய பணி. தமிழ்ப் பெண்களின் குரல் வரலாற்றை முழுமையாக எழுதுவதற்கு வேண்டிய மூலங்கள் வீடுகளிலேயே உள்ளன. அவற்றைக் காப்பது இத்தலைமுறையின் கடமை.